பம்புக்குள் நிற்கும் தண்ணீர்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் அல்லித்தொட்டி உண்டு. சிமெண்ட் தொட்டி, இரண்டரை அடி ஆழம். கொசுப்புழுக்களைத் தின்பதற்காகக் கப்பி மீன்கள் விட்டிருந்தேன். தண்ணீர் தேங்கிக் கெடாமல் இருக்க அடியில் ஒரு சின்ன நீர்மூழ்கி பம்பு. 18 வாட். ஏர் கூலருக்குள் தண்ணீரை மேலே ஏற்றித் தட்டிகளை நனைக்குமே, அந்த இனம்தான்.

ஒரு மே மாதம் தொட்டியைக் கழுவ வேண்டி வந்தது. மீன்களை வாளிக்கு மாற்றினேன். அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சேறு. பம்பை உள்ளே வைத்தே இறைத்தால் சேறு அடைத்துக்கொள்ளும் என்று நினைத்து, அதை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். வலைமூடியைக் கழற்றி, உறிஞ்சு வாயில் ஒரு குழாயை மாட்டி, குழாயின் மறுமுனையைத் தொட்டிச்சுவருக்கு மேலாக வளைத்துத் தண்ணீருக்குள் விட்டேன். சுவிட்சைப் போட்டதும் கரகரவென்று சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை. சற்று நேரத்தில் இழுத்துவிடும் என்று எண்ணிக் கீழே இறங்கிப் போனவன், திரும்பி வர அரைமணி நேரம் ஆகிவிட்டது. சத்தம் நின்றிருந்தது. பிளாஸ்டிக் கருகிய வாடை. தொட்டுப் பார்த்த விரல் சுட்டது.

காயில் கட்டும் கடைக்கு எடுத்துப் போனேன். அந்தக் கடைக்காரர் முப்பது ஆண்டுகளாக மோட்டார் பிரிப்பவர். முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி இல்லாம ஓடியிருக்கு சார்."

"வெளிய வெச்சு ஓட்டினேன், அதனாலயா?"

"வெளிய இருக்கறது பிரச்சினை இல்ல சார். உள்ள தண்ணி நிக்கணும். அவ்வளவுதான்."

அந்த ஒரு வரியை விரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த அத்தியாயம். நீர்மூழ்கி பம்பு தண்ணீருக்குள் இருக்கிறதா என்பதைவிட, பம்புக்குள் தண்ணீர் இருக்கிறதா என்பதே முக்கியம். தொட்டியிலிருந்து வாளிக்குப் போகும் வழியில் பம்பைக் கடக்கும் தண்ணீர், அந்த ஒரு நொடிக்குள் மூன்று நான்கு வேலைகளைச் செய்துவிட்டுத்தான் வெளியேறுகிறது. அவை கண்ணுக்குத் தெரியாத வேலைகள் என்பதால் நாம் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைக்காரர் பம்பை என் கண்ணெதிரே பிரித்தார். இத்தனை எளிமையான ஒரு மோட்டாரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு பக்கம் செங்கல் துண்டுபோலக் கெட்டியான கறுப்புப் பிசின். காயிலும் இரும்புத் தகடுகளும் அதற்குள் புதைந்து கிடந்தன. வயர் மட்டும் வெளியே வந்தது. பிசின் கட்டியின் நடுவே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் ஓர் உருளைக் காந்தம், அதை ஊடுருவிச் செல்லும் பீங்கான் தண்டு, தண்டின் மேல்முனையில் சின்னஞ்சிறு இம்பெல்லர். காந்தத்துக்கும் காயிலுக்கும் இடையே வயரும் இல்லை, தண்டும் இல்லை. காயிலின் முனைகள் நொடிக்கு 50 முறை வடக்கு தெற்காகப் புரண்டு வர, குழிக்குள் கிடக்கும் காந்தம் அதைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, இங்கே தண்ணீரைத் தடுக்க யாரும் முயலவில்லை என்பதுதான். மற்ற பம்புகளில் சுழலும் தண்டு மோட்டாரிலிருந்து தண்ணீர் அறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சீல் வேண்டும். ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். இதில் மின்சாரத்தைப் பிசினுக்குள் பூட்டிவிட்டார்கள். சுழலும் காந்தமோ தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கிறது. ஒழுகுவதற்கு இடமே இல்லை. இன்னொரு விநோதமும் உண்டு. இந்த வகை மோட்டார் வலப்பக்கம் சுற்றத் தொடங்குமா, இடப்பக்கம் சுற்றத் தொடங்குமா என்று சொல்ல முடியாது. சுவிட்சைப் போடும் கணத்தில் காந்தம் எப்படி நிற்கிறது, மின்னோட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அதனால்தான் இதன் இம்பெல்லர் இதழ்கள் வளைவில்லாமல் நேராக இருக்கின்றன. எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை வெளியே வீசும்.

என் பம்பில் பீங்கான் தண்டைப் பிடித்திருந்த ரப்பர் புஷ் உருகி ஒட்டியிருந்தது. குழியின் பிளாஸ்டிக் சுவர் உள்பக்கம் சரிந்து காந்தத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. பிசினில் முடியளவு ஒரு விரிசல். அந்த விரிசலைக் கடைக்காரர் நகத்தால் தடவிக் காட்டினார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பம்பு நன்றாகத்தானே சுற்றியது, ஏன் தண்ணீரை இழுக்கவில்லை?

இம்பெல்லர் எதையும் இழுப்பதில்லை, வீசுகிறது. நடுவில் இருப்பதை விளிம்புக்கு வீசி எறிந்ததும் நடுவே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பக் குழாயிலிருந்து அடுத்தது வருகிறது. 3 செ.மீ. குறுக்களவுள்ள இம்பெல்லர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் வீசப்பட்ட எந்தப் பாய்மமும் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏறும். 'எந்தப் பாய்மமும்' என்பதைக் கவனியுங்கள். மேலே எறிந்த கல் எவ்வளவு உயரம் போகும் என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. தண்ணீரை வீசினால் ஒன்றரை மீட்டர் தண்ணீர்த் தூணைத் தாங்கும் அழுத்தம் கிடைக்கும். காற்றை வீசினால்? ஒன்றரை மீட்டர் காற்றுத் தூணைத் தாங்கும் அழுத்தம்.

காற்று தண்ணீரைவிட 800 மடங்குக்கும் மேல் லேசானது. ஒன்றரை மீட்டர் உயரக் காற்றுத் தூணின் எடைக்குச் சமமான தண்ணீர் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ஓர் அரிசியின் தடிமன். என் குழாயில் இருந்தது காற்று. தொட்டிச்சுவரைத் தாண்ட ஓரடி உயரத்துக்காவது தண்ணீர் ஏற வேண்டும். பம்பால் அதை அரிசித் தடிமன் அளவுக்கே ஏற்ற முடிந்தது. அரைமணி நேரம் அல்ல, அரை நூற்றாண்டு ஓடினாலும் தண்ணீர் வந்திருக்காது.

கிராமத்தில் மோட்டார் போடும் யாருக்கும் இது தெரியும். மேட்டில் வைத்த மோனோபிளாக் பம்பில், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு ஒழுகித் தண்ணீர் இறங்கிவிட்டால், சும்மா சுவிட்சைப் போட மாட்டார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மேல்மூடியைத் திறந்து ஊற்றுவார்கள். காற்றுக்குமிழி நிற்கும்வரை ஊற்றி, மூடிவிட்டுத்தான் போடுவார்கள். தண்ணீரை எடுக்கத் தண்ணீரையே கொடுக்க வேண்டும். நானும் அன்றைக்குக் குழாயை முதலில் தண்ணீரால் நிரப்பிவிட்டு மாட்டியிருந்தால் பம்பு ஒழுங்காக இறைத்திருக்கும்; வெளியே தரையில் இருந்தபடியே.

இனி வெப்பம். 18 வாட் மின்சாரத்தில் தண்ணீரை ஏற்றும் வேலைக்குப் போவது சொற்பம். 15 வாட் வெப்பமாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால், அத்தனை வெப்பத்தையும் வாங்கிக்கொண்ட பிறகும் தண்ணீர் சூடாவது ஒரு டிகிரியில் நூறில் ஒன்றரைப் பங்கு. மீனுக்குக்கூடத் தெரியாது. அதே 15 வாட் காற்றில் வெளியேற வேண்டுமானால் கதை வேறு. தீப்பெட்டிகள் ஏழெட்டை அடுக்கிக் கட்டியது போன்ற ஒரு சின்னப் பெட்டி அது. அசையாத காற்றில் அந்தப் பரப்பிலிருந்து 15 வாட் வெளியேற, பெட்டி சுற்றுப்புறத்தைவிடப் பல பத்து டிகிரி சூடாக வேண்டும். மே மாத மொட்டைமாடியின் 38 டிகிரியையும் கூட்டிப் பாருங்கள்.

வீட்டில் குழந்தைக்குப் பால் ஆற்றும்போது என்ன செய்கிறோம்? டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைக்கிறோம். மேடைமேல் வைத்தால் கால்மணி நேரம் ஆகும். தண்ணீரில் வைத்தால் குழந்தை அழுது முடிப்பதற்குள் ஆறிவிடும். தண்ணீர் வெப்பத்தைக் கடத்துவது காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல். ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால் ஒரு டிகிரிக்குத் தண்ணீர் தாங்கும் வெப்பம் காற்றைவிட 3000 மடங்குக்கும் அதிகம். நீர்மூழ்கி மோட்டாரின் உடம்பு இத்தனை சிறியதாக இருப்பதற்கே காரணம், சுற்றிலும் இப்படி ஒரு குளிர்விப்பான் இருக்கும் என்ற நம்பிக்கைதான். காற்றில் ஓடும் மோட்டாருக்கு உடம்பெல்லாம் வரிவரியாய்த் துடுப்புகள், பின்னால் ஒரு விசிறி. நீர்மூழ்கிக்கு அவை எதுவும் இல்லை.

காயில் கம்பியின் மேலுள்ள மெல்லிய பூச்சுதான் ஒரு சுற்றை அடுத்த சுற்றிலிருந்து பிரிக்கிறது. பூச்சின் வகையைப் பொறுத்து 105, 120, 130, 155 டிகிரி என்று அதற்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் பலவற்றின் உள்ளே சுத்தமான தண்ணீரை நிரப்பியிருப்பார்கள். காயில் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். பிவிசி உறையாக இருந்தால் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும்.

மூன்றாவது, உராய்வு. பீங்கான் தண்டுக்கும் காந்தத்தின் துளைக்கும் இடையே எண்ணெய் இல்லை, கிரீஸ் இல்லை. மீன் இருக்கும் இடத்தில் அதெல்லாம் வைக்கவும் முடியாது. அங்கே மசகாக இருப்பது தண்ணீர்ப் படலம் ஒன்றுதான். அது வற்றியதும் தண்டும் துளையும் நேருக்கு நேர் உரசும். நான் கேட்ட கரகரப்பு அந்த உரசல். பம்பு அப்போதே சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடும் பெரிய மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து எரிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. தூக்கச் சுமை இல்லை. ஆகவே மின்னோட்டம் குறைகிறது. இருந்தும் மோட்டார் கெடுகிறது, ஏனென்றால் உள்ளே பிறக்கும் கொஞ்ச வெப்பத்தையும் கொண்டுபோக ஆளில்லை. வயல் மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெட்டியில் 'டிரை ரன்' பாதுகாப்பு என்று ஒன்று வைக்கிறார்களே, அது வேலை செய்வது இந்த அடிப்படையில்தான். ஆம்பியர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கிணறு வற்றிவிட்டது என்று புரிந்துகொண்டு மோட்டாரை நிறுத்துகிறது. கிணற்றை எட்டிப் பார்க்காமலே, மோட்டாரின் பசி குறைந்ததை வைத்து நீர்மட்டத்தைச் சொல்லிவிடும் கருவி அது.

இத்தனை வம்பு இருக்க, மோட்டாரை எதற்குத் தண்ணீருக்குள் இறக்கினார்கள்? வெளியிலிருந்து உறிஞ்சுவதற்கு இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது. கலிலியோ 1638இல் வெளிவந்த நூலில், ஒரு பம்பு சுமார் 18 முழத்துக்கு மேல் தண்ணீரை உயர்த்த மறுப்பதைக் குறிப்பிடுகிறார். நீளமான கயிறு தன் எடையாலேயே அறுவதுபோலத் தண்ணீர்த் தூணும் அறுந்துவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். அது தவறு. 1643இல் டாரிசெல்லியின் பாதரசக் குழாய் சரியான விடையைக் காட்டியது. தண்ணீரை நாம் மேலே இழுப்பதில்லை, வெளியே இருக்கும் காற்றின் எடைதான் கீழேயிருந்து தள்ளுகிறது. காற்று 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்கும், தண்ணீரானால் 10.3 மீட்டர். ஊட்டியில், 2240 மீட்டர் உயரத்தில், 8 மீட்டர்கூடக் கிடையாது. நடைமுறையில் நம் ஊர் மெக்கானிக்குகள் "இருபத்தஞ்சு அடிக்கு மேல இழுக்காது" என்று சொல்வது இதைத்தான். நீர்மட்டம் இறங்க இறங்க விவசாயிகள் கிணற்றுச் சுவரிலேயே திட்டு அமைத்து மோட்டாரையும் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது அதை மேலே தூக்க ஓடினார்கள்.

இழுப்பதற்குத்தான் எல்லை, தள்ளுவதற்கு இல்லை. ஆகவே மோட்டாரோடு சேர்த்துப் பம்பையே அடியில் இறக்கிவிட்டால்? டிஃப்லிஸில் (இன்றைய திபிலீசி) பிறந்த ஆர்மைஸ் அருத்தூனோஃப் என்ற ஆர்மீனியப் பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1923இல் அமெரிக்கா போன அவருடைய நீர்மூழ்கி பம்பு, 1928இல் கன்சாஸ் மாநிலத்தின் எல் டொராடோ எண்ணெய் வயலில் ஓடியது. துளையின் குறுக்களவுக்குள் அடங்கும் மெலிந்த நீண்ட மோட்டார். அதன் தலைமேல் பம்பு. ஆழ்துளைக் கிணறுகளுக்குள் நாம் இறக்கும் மோட்டாரும் அதே அமைப்புதான்: கீழே மோட்டார், மேலே பம்பு, இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நுழையும் சல்லடை. சல்லடை நடுவில் இருப்பதால், கீழிருந்து வரும் தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். அப்படி உரசிப் போகும் வேகம், 6 அங்குல மோட்டார்களுக்கு நொடிக்குச் சுமார் 15 செ.மீ. இருக்க வேண்டும். அதே மோட்டாரை அகலமான சம்பில் இறக்கினால், மூழ்கியே இருந்தாலும் பக்கவாட்டிலிருந்து சல்லடைக்குத் தண்ணீர் போய்விடும். மோட்டாரைச் சுற்றியுள்ள நீர் அசையாது. அதனால் மோட்டார்மேல் ஓர் உறைக்குழாயைப் போட்டு, தண்ணீரை அடியிலிருந்தே சுற்றி வரச் செய்வார்கள். மூழ்கியிருந்தும் வெந்துபோகும் மோட்டார் உண்டு என்பதற்கு இது சாட்சி.

அதற்கு எதிர்முனையில், பாதி உடம்பு வெளியே தெரிய ஓடும் நீர்மூழ்கியும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எத்தனையோ அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்கள் முங்கின. அவ்வாறான இடத்தில் கடைசிச் சாண் தண்ணீரை இறைக்கும்போது பம்பு முழுக்க மூழ்கியிருக்க வழியில்லை. கட்டுமானப் பள்ளங்களுக்கான பம்புகளில் இதற்காகவே, அடியில் உறிஞ்சிய தண்ணீர் மோட்டாரின் வெளிச்சுவருக்கும் மேலுறைக்கும் நடுவே ஏறி உச்சி வழியாக வெளியேறும்படி அமைத்திருப்பார்கள். இறைக்கும் தண்ணீரே சட்டைபோல மோட்டாரைச் சுற்றியிருக்கிறது. வெளியே காற்றா தண்ணீரா என்பதைப் பற்றி அந்த மோட்டாருக்குக் கவலையில்லை.

இப்போது தொட்டி, குளத்துப் பம்புகளுக்குத் திரும்புவோம். பெரிய மீன்குளம் வைத்திருப்பவர்கள் பம்பை வெளியே வைக்க விரும்புவதில் நியாயம் இருக்கிறது. சுத்தம் செய்யக் குளத்துக்குள் இறங்க வேண்டாம். மின்வயர் தண்ணீரில் கிடக்காது. அதற்கேற்ற பம்புகளும் வருகின்றன. பிசினுக்குள் காயில், தண்ணீருக்குள் சுழலி, ஓடும் தண்ணீராலேயே குளிர்விப்பு என்ற அமைப்பு உள்ளவை அவை. மூழ்க வைத்தும் ஓட்டலாம், வெளியே வைத்தும் ஓட்டலாம் என்று கூட வரும் தாளில் எழுதியிருக்கும். முக்கிய நிபந்தனை, பம்பு குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குளத்தோரம் ஒரு குழி வெட்டி, குளத்தின் அடியிலிருந்து குழாய் கொண்டுவந்தால், சுவிட்ச் போடுவதற்கு முன்பே தண்ணீர் தானாக இறங்கி வந்து பம்பை நிரப்பிவிடும். குழிக்கு நிழல் வேண்டும். குழியில் மழைநீர் தேங்கக் கூடாது.

எல்லா நீர்மூழ்கிக்கும் இது பொருந்தாது. மோட்டாருக்குள் எண்ணெய் நிரப்பி, தண்டுக்குச் சீல் போட்ட பம்புகள் வெப்பத்தை வெளிச்சுவர் வழியாகவே கழிக்கின்றன. அவற்றை வெளியே வைத்தால், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் மோட்டார் சூடாகலாம். சூடான எண்ணெய் விரியும். விரிந்த எண்ணெய் சீலைத் தாண்டிக் குளத்துக்குள் போகும். நீர்ப்பரப்பில் வானவில் நிறப் படலம் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். மீன்கள் தாங்காது. எனவே வாங்கும்போது கேட்க வேண்டியது, எத்தனை லிட்டர் இறைக்கும் என்பதோடு, இதன் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்பதும்.

கடைசியாக அந்த விரிசல். கடைக்காரர் பம்பை என்னிடம் உடனே திருப்பித் தரவில்லை. "புஷ்ஷ மாத்தி, குழியச் சரிபண்ணிட்டா சுத்தும் சார். ஆனா மறுபடி தண்ணிக்குள்ள போடாதீங்க" என்றார். சூடாகும்போது செம்பும் இரும்பும் பிசினும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இழுபறியில் பிசின் வெடிக்கிறது. அதற்குப் பிறகும் பம்பு ஓடும். ஆனால் முடியளவு விரிசல் வழியாகத் தண்ணீர் காயிலைத் தொடும். தொட்டித் தண்ணீரில் மின்சாரம் கசியும். தொட்டி வெளியிலிருந்து பார்க்க அப்படியேதான் இருக்கும்.

வெறுமனே ஓடிச் சூடேறிய பம்பை, அது சுற்றுகிறது என்பதற்காக மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள். குளத்துப் பம்புக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள்.